தெருவே கையெழுத்துப் போட்டாலும் அது சட்டமாகாது

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 63. கணவர் காலமான பிறகு மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டு வருகிறார். ஒன்பது மாதமாக அங்கே குடியிருப்பவர் தான்சானியாவிலிருந்து இங்கே படிக்க வந்த ஒரு மாணவர். கார்ப்பரேஷன் தண்ணீர் வரும் நாளில் கீழ்வீட்டு டிரம்களையும் அவரே நிரப்பி வைத்துவிட்டுத்தான் கல்லூரிக்குப் போகிறார் என்று அம்மா எழுதுகிறார்.

இரண்டு மாதத்துக்கு முன் அந்தத் தெருவில் ஒரு செல்போன் திருடு போனது. உடனே தெரு வாட்ஸ்அப் குழுவில் அந்த மாணவரின் போட்டோவைப் போட்டு, "இவன் வந்த பிறகுதான் எல்லாம்" என்று ஒருவர் எழுதினார். பைக்கில் வந்த வேறு இருவர்தான் எடுத்தார்கள் என்று கேமரா பதிவில் தெரிந்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. அந்த நாட்டவர் எல்லோருமே இப்படித்தான் என்று ஆரம்பித்து, மனிதரை விலங்கோடு ஒப்பிடுகிற வரை போனது. பிறகு 47 விநாடி குரல் பதிவு ஒன்று வந்தது. இரவு எட்டு மணிக்கு மேல் அவன் தெருவில் கண்ணில் பட்டால் கை காலை உடைப்போம், குழுவில் சொன்னவுடன் எல்லா வீட்டிலிருந்தும் ஆட்கள் இறங்க வேண்டும் என்கிறது அது. முனைக்கடையில் அவருக்குப் பால் பாக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இப்போது அம்மாதான் அவருக்கும் சேர்த்து வாங்குகிறார்.

கடைசியாக வந்தது ஒரு மனு. கோடு போட்ட நோட்டுத்தாள் இரண்டு, 19 வீட்டுக் கையெழுத்து, அதில் ஒன்று கைநாட்டு. இந்த மாதக் கடைசிக்குள் அவரைக் காலி செய்ய வேண்டும், "இனி கறுப்பர்களுக்கு இத்தெருவில் யாரும் வீடு தரக்கூடாது" என்று எழுதியிருக்கிறது. தெருக் கூட்டத்துக்கு வந்த வார்டு உறுப்பினரும் "மக்கள் விருப்பத்துக்கு எதிராகப் போகாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அடுத்த கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை.

அம்மா கேட்பவை இவை. இதெல்லாம் குற்றமா, வெறும் நாகரிகக் குறைவா? சென்னையில் இருக்கும் மகன், பேச்சுரிமை இருக்கிறது, இனவெறிச் சட்டமெல்லாம் அமெரிக்காவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும்தான் என்கிறார், சரியா? வெளிநாட்டுப் பையனுக்கு நம் சட்டத்தில் என்ன உரிமை? அவனைக் காலி செய்தே ஆக வேண்டுமா? புகார் கொடுத்தால் அவன் விசாவுக்கு ஆபத்து வருமா? ஐ.நா. சபைக்கு எழுதினால் நடவடிக்கை எடுப்பார்களா? கடைசியில் ஒரு வரி: "வீடு கேட்டு வருபவர்களிடம் 'நீங்கள் என்ன ஆட்கள்' என்று நானும் கேட்டிருக்கிறேன். இது அதைவிட வேறா?"

அன்புள்ள அம்மா,

உங்கள் கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதைக் கேட்கத் துணிந்ததற்காக உங்கள் மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டாகிறது.

முதலில் உங்கள் மகன் சொன்னதை எடுத்துக்கொள்வோம். இனப்பாகுபாட்டுச் சட்டம் வேறு தேசத்துச் சரக்கு என்று படித்தவர்கள் பலரும் நினைக்கிறார்கள். நம் வட ஆற்காட்டுக்காரர்கள் அப்படி நினைக்கவே கூடாது. 1860இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிச் சென்றது. 1911 வரை இந்தியாவிலிருந்து, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். அவர்களில் பெரும்பகுதி சென்னை மாகாணத்தவர். அதிலும் ஆட்களை அதிகமாக அனுப்பிய மாவட்டங்களில் ஒன்று அன்றைய வட ஆற்காடு. செய்த வேலைக்குக் கிடைக்கும் ஊதியத்தை நாம் சொல்லும் 'கூலி' என்ற சொல் அங்கே அவர்கள் எல்லோரையும் இழித்துக் கூப்பிடும் வசைச்சொல்லாக ஆயிற்று. வக்கீலானாலும் வியாபாரியானாலும் கூலிதான்.

1946இல் தென்னாப்பிரிக்க அரசு, இந்தியர்கள் எந்தப் பகுதியில் நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று வரையறுத்து ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதை எதிர்த்து டாக்டர் மாண்டி நாயக்கர் தலைமையில் நேட்டால் இந்திய காங்கிரஸ் அறப்போராட்டம் நடத்தி, ஏராளமானோர் சிறை சென்றார்கள். இன்னும் சுதந்திரம்கூட அடையாத இந்தியா, அப்போதுதான் பிறந்திருந்த ஐ.நா. சபைக்கு அந்த வழக்கைக் கொண்டுபோனது. விஜயலட்சுமி பண்டிட் வாதாடினார். ஒரு நாடு தன் குடிமக்களை எப்படி நடத்தினாலும் அது உள்நாட்டு விவகாரம் என்று தென்னாப்பிரிக்கா சொன்னதை மீறி, 1946 டிசம்பர் 8 அன்று பொதுச்சபை மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் தீர்மானம் நிறைவேற்றியது. இனத்தின் பெயரால் வீட்டை மறுப்பது உலகத்தின் கவலை என்று அங்கே முதலில் நிலைநாட்டியவர்கள் நாம். நிறத்தைப் பார்த்து "எங்கள் தெருவில் குடியிருக்காதே" என்று ஒரு மனிதரிடம் சொல்வது எவ்வளவு பழைய அநியாயம் என்பதும், நம் சொந்த ஜனங்கள் அதை எந்தப் பக்கத்தில் நின்று அனுபவித்தார்கள் என்பதும் உங்கள் தெருவில் யாருக்கும் தெரியவில்லையே என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

உள்நாட்டிலும் இது புதிதன்று. வடகிழக்கு மாநிலத்தவர் நம் நகரங்களில் படும் இழிவைப் பற்றி ஆராய்ந்த பெஸ்பருவா குழு 2014இல் அறிக்கை கொடுத்தது. இனவெறிப் பேச்சுக்கென்று தனிப் பிரிவு வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்தத் தனிப் பிரிவு வரவில்லை. ஆனால் 'இனம்' என்ற சொல்லே நம் சட்டத்தில் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அது எங்கே இருக்கிறது என்று பிறகு சொல்கிறேன்.

உலகச் சட்டம் என்ன சொல்கிறது

எல்லா வகை இனப்பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 1965 டிசம்பர் 21 அன்று ஏற்றது. இந்தியா 1968இல் அதை ஏற்புறுதி செய்து கட்டுப்பட்டது. இனம், நிறம், மரபுவழி, தேசிய அல்லது இனக்குழுப் பூர்வீகம் ஆகியவற்றைக் காரணமாக வைத்து ஒருவரின் உரிமையைக் குறைப்பதெல்லாம் அதன்படி இனப்பாகுபாடு. அரசு செய்வது மட்டும் அன்று. தனி ஆட்களும் குழுக்களும் அமைப்புகளும் செய்யும் பாகுபாட்டையும் தடுத்து முடிவுக்குக் கொண்டுவருவது அரசின் கடமை என்கிறது 2ஆம் பிரிவு. வீட்டுரிமையும், பொதுமக்களுக்கான உணவகம், விடுதி, வண்டி போன்றவற்றைப் பயன்படுத்தும் உரிமையும் 5ஆம் பிரிவில் பெயர் சொல்லியே இருக்கின்றன. உங்கள் மாடிப் போர்ஷனும் முனைக்கடைப் பால் பாக்கெட்டும் அந்த ஒரே பிரிவுக்குள் அடங்கிவிடும்.

வெறுப்புப் பேச்சைப் பற்றியது 4ஆம் பிரிவு. இனமேன்மை, இனவெறுப்புக் கருத்துகளைப் பரப்புவதையும் வன்முறைக்குத் தூண்டுவதையும் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்கிறது. கருத்துரிமையையும் மனத்தில் கொண்டே இதைச் செய்ய வேண்டும் என்று அதே பிரிவு எச்சரிக்கவும் செய்கிறது. அரசு அதிகாரத்தில் இருப்பவர்கள், அது தேசிய அளவிலானாலும் உள்ளூரிலானாலும், இனப்பாகுபாட்டை ஊக்குவிக்கவோ தூண்டவோ அனுமதிக்கக்கூடாது என்பது அதன் மூன்றாவது உட்பிரிவு. உங்கள் வார்டு உறுப்பினருக்கு இதை யாராவது படித்துக் காட்ட வேண்டும்.

கூடவே வருவது 1966ஆம் ஆண்டின் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கை. இந்தியா அதில் 1979இல் சேர்ந்தது. 19ஆம் பிரிவு கருத்துரிமையைத் தருகிறது. அடுத்த பிரிவே, பாகுபாட்டுக்கோ பகைமைக்கோ வன்முறைக்கோ தூண்டுகிற தேசிய, இன, மத வெறுப்புப் பரப்பலைச் சட்டம் தடை செய்ய வேண்டும் என்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததில் ஒரு காரணம் உண்டு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழித்துவிடக் கூடாது.

உங்கள் மகன் சொன்னதில் பாதி நியாயம் இருப்பது இங்கேதான். கேட்கச் சகிக்காத பேச்செல்லாம் குற்றமாகிவிடாது. ஆகிவிட்டால் அந்த ஆயுதம் முதலில் பாய்வது எளியவர் மீதுதான். அதனால்தான் 2012இல் ஐ.நா. வல்லுநர்கள் உருவாக்கிய ரபாத் செயல்திட்டம் ஆறு உரைகற்களை வைத்தது. பேச்சு எந்தச் சூழலில் வந்தது, பேசியவர் யார், நோக்கம் என்ன, உள்ளடக்கமும் வடிவமும் என்ன, எத்தனை பேரை எட்டியது, தீங்கு நடக்கும் வாய்ப்பு எவ்வளவு நெருக்கம் என்பவை அவை.

நீங்கள் எழுதி அனுப்பியவற்றை இந்த உரைகல்லில் உரசிப் பார்த்தேன். "ராத்திரியில் சத்தமாகப் பாட்டு வைக்கிறான்" என்று ஒருவர் எழுதியது சாதாரண முறையீடு. அதைக் குற்றப் பட்டியலில் சேர்க்காதீர்கள், சேர்த்தால் உங்கள் புகார்தான் பலவீனமாகும். "அவன் சமைக்கும் வாசனையே பிடிக்கவில்லை" என்பது அற்பத்தனம், அதற்கு மருந்து நீதிமன்றத்தில் இல்லை. விலங்கோடு ஒப்பிட்ட செய்திகள் வேறு ரகம். ஒரு முழு நாட்டவரையே மனித நிலையிலிருந்து கீழே தள்ளும் பேச்சு அது. ருவாண்டாவில் ஒரு வானொலி நிலையம் டூட்ஸி மக்களைக் கரப்பான்பூச்சி என்று திரும்பத் திரும்பச் சொன்னது. 1994இல் அங்கே இனப்படுகொலை நடந்தது. அந்த வானொலியின் முன்னணியாளர்களைச் சர்வதேசத் தீர்ப்பாயம் 2003இல் குற்றவாளிகள் என்றது. உங்கள் தெரு ருவாண்டா அன்று. ஆனாலும் விலங்கின் பெயரைச் சொல்லி அழைக்கும்போது அடுத்து அடிப்பதற்குக் கை கூசாது என்பதை அந்த வழக்கு எழுதி வைத்திருக்கிறது.

அந்த 47 விநாடிப் பதிவு ஆறு உரைகல்லிலும் தேறிவிடுகிறது. திருட்டுப் பழி சுமத்திச் சூடேறியிருக்கும் சூழல். பேசியவர் தெருச் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். நோக்கம் ஒளிவு மறைவில்லை. கேட்பவர்கள் அதே தெருவில் நாலு எட்டு தூரத்தில் இருப்பவர்கள். நேரம்கூடக் குறித்துவிட்டார், எட்டு மணி. இதைப் பேச்சுரிமை என்று எந்த நாட்டுச் சட்டமும் சொல்லாது.

மனுவைப் பற்றித் தனியாக

19 பேர் சேர்ந்து எழுதியதால் அதற்கு ஏதோ அதிகாரம் இருப்பதுபோல் உங்கள் கடிதம் தயங்குகிறது. இதே போன்ற ஒரு மனு 1989இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் எழுதப்பட்டது. மொராக்கோ நாட்டவர் ஒருவர் தனக்கு ஒதுக்கப்படவிருந்த வீட்டைப் பார்க்கப் போனார். வாசலில் இருபது பேர் போலக் கூடி, "இனி வெளிநாட்டான் வேண்டாம்" என்று கத்தினார்கள். வீட்டுக்கு வந்தால் தீ வைப்போம், காரை நாசம் செய்வோம் என்று மிரட்டினார்கள். தெருக்காரர்கள் கையெழுத்துப் போட்டு, வீட்டை வேறு ஒருவருக்கு ஒதுக்கச் சொல்லி மனு கொடுத்தார்கள். போலீஸ் முதலில் புகாரைப் பதியவே மறுத்தது. பிறகு பதிந்தாலும், அரசுத் தரப்பு வழக்கு நடத்த மறுத்துவிட்டது. அவர், மேலே சொன்ன 1965ஆம் ஆண்டு உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா.வின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழுவுக்குப் போனார். இனவன்முறை மிரட்டல், அதுவும் பொது இடத்தில், கும்பலாக வரும்போது, அதை அக்கறையோடும் விரைவாகவும் விசாரிக்க வேண்டியது அரசின் கடமை, நெதர்லாந்து அதில் தவறிவிட்டது என்று 1993இல் அந்தக் குழு சொன்னது. அவருக்கு நிவாரணம் தரவும் பரிந்துரைத்தது.

நீங்கள் கையில் வைத்திருக்கும் அந்த நோட்டுத்தாள் அவர்களுக்கு பலம் என்று நினைக்கிறீர்கள். வக்கீலின் கண்ணுக்கு அது அவர்களே எழுதிக் கொடுத்த சாட்சியம். கிழிக்காமல், மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

உங்கள் கேள்வியில் இன்னொன்று: காலி செய்தே ஆக வேண்டுமா? வேண்டியதில்லை. 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தக் காலத்தில் வாடகைதாரரை வெளியேற்ற அதில் சொல்லியிருக்கும் காரணங்கள் வேண்டும். அக்கம்பக்கத்தாருக்கு நிறம் பிடிக்கவில்லை என்பது அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்திருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் வாடகைக்கு விட்டிருந்தால் இந்த வாரமே சரிசெய்யுங்கள்.

அவருக்கு நம் சட்டத்தில் என்ன இருக்கிறது

அவர் வெளிநாட்டவர் என்பதால் உரிமை இல்லை என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அரசியலமைப்பின் 14ஆம் பிரிவும் 21ஆம் பிரிவும் 'குடிமகன்' என்று சொல்லவில்லை, 'எவரும்' என்கின்றன. சட்டத்தின் முன் சமம், உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு ஆகிய இரண்டும் அவருக்கு உண்டு. ஹௌரா ரயில் நிலைய விடுதியில் வங்கதேசப் பெண் ஒருவருக்கு நேர்ந்த கொடுமை பற்றிய வழக்கில், 2000இல் உச்ச நீதிமன்றம் உலக மனித உரிமைப் பிரகடனத்தையே எடுத்துக்காட்டி, வெளிநாட்டவருக்கும் 21ஆம் பிரிவு பொருந்தும் என்று சொல்லி 10 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்தது.

இனம் பார்த்துக் கடையில் நுழையவிடாமல் தடுக்கக்கூடாது என்ற 15ஆம் பிரிவு மட்டும் 'குடிமகன்' என்று தொடங்குகிறது. ஆகவே பால் பாக்கெட் விஷயத்தில் அவர் அதைக் கையில் எடுக்க முடியாது. தனியார் வீடு, கடை ஆகியவற்றில் நடக்கும் இனப்பாகுபாட்டைத் தடுக்க நம் நாட்டில் பொதுவான தனிச்சட்டம் இல்லை. உடன்படிக்கையில் கையெழுத்திட்டு அரை நூற்றாண்டு தாண்டியும் இந்த ஓட்டை அடைபடவில்லை என்பது வெட்கப்பட வேண்டிய விஷயம்.

குற்றவியல் பக்கம் நிலைமை நன்றாகவே இருக்கிறது. நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவு, மதம், இனம், பிறந்த இடம், மொழி, சாதி போன்ற காரணங்களால் பிரிவினரிடையே பகையை வளர்ப்பதைக் குற்றமாக்குகிறது. மின்னணுச் செய்தியும் அதில் அடக்கம், மூன்றாண்டு வரை சிறை. கை காலை உடைப்போம் என்பது கொடுங்காய மிரட்டல். 351ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை போகலாம். ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ சேர்ந்து ஒருவரை இனம், சாதி, பிறந்த இடம் போன்ற காரணத்துக்காகக் கொடுங்காயப்படுத்தினால், அடித்தவர் யார், பிடித்தவர் யார் என்று பிரிக்காமல் ஒவ்வொருவருக்கும் ஏழாண்டு வரை தண்டனை என்கிறது 117ஆம் பிரிவு. 'எல்லா வீட்டிலிருந்தும் இறங்குங்கள்' என்று கூப்பிட்டவர் தன் அண்டை வீட்டாரை எதற்குள் கூப்பிடுகிறார் என்பதை அவர்களுக்குத் தெரியப்படுத்துவது உபகாரம்தான்.

196ஆம் பிரிவைப் பொறுத்தவரை அதிகமாக எதிர்பார்க்காதீர்கள். பகையை வளர்க்கும் நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்க அரசின் முன் அனுமதியும் வேண்டும். முதல் தகவல் அறிக்கைக்கு முன் 14 நாள் பூர்வாங்க விசாரணை நடத்தவும் போலீஸுக்கு இப்போது வழி இருக்கிறது. எனவே மிரட்டலை முன்னால் வைத்து, வெறுப்புப் பேச்சை அதன் பின்னால் வைத்துப் புகாரை எழுதுவதே என் பழக்கம்.

ஐ.நா. சபைக்கு எழுதலாமா

நீங்கள் நினைப்பதுபோல் ஜெனீவாவிலிருந்து ஒரு உத்தரவு வந்து சத்துவாச்சாரியில் யாரையும் கைது செய்யாது. உட்ரெக்ட் மனிதர் போல நேரடியாகப் புகார் செய்ய, எந்த நாட்டின் மீது புகாரோ அந்த நாடு உடன்படிக்கையின் 14ஆம் பிரிவின் கீழ் தனியாக ஓர் ஒப்புதல் அறிவிப்புத் தந்திருக்க வேண்டும். நெதர்லாந்து தந்திருக்கிறது, இந்தியா தரவில்லை. எனவே அந்த வாசல் நமக்கு மூடியிருக்கிறது.

திறந்திருப்பது வேறொன்று. இனவெறி பற்றி ஆராயும் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் என்ற பொறுப்பு 1993 முதல் இருக்கிறது. அவருக்கு எவரும் எழுதலாம். உள்நாட்டு வழக்கு முடிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை. அவர் பொருத்தம் என்று கருதினால் இந்திய அரசுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதுவார். அந்தக் கடிதங்கள் பிற்பாடு வெளியிடப்படும். பாதிக்கப்பட்டவரின் சம்மதம் அவசியம். இப்போதைக்கு இது வேண்டாம் என்பது என் கருத்து. இங்கே ஸ்டேஷனில் ஒரு மனுகூடக் கொடுக்காமல் அங்கே எழுதினால் பலன் சொற்பம். போலீஸ் கைவிட்டால் அப்போது எழுதுவோம்.

அப்படியானால் உடன்படிக்கையால் என்ன பயன் என்று கேட்பீர்கள். பயன் நம் நீதிமன்றத்தில் இருக்கிறது. சர்வதேசச் சட்டத்தை மதிக்கச் சொல்கிறது அரசியலமைப்பின் 51ஆம் பிரிவு. பணியிடத்தில் பெண்கள் படும் தொல்லைக்கு நாட்டில் சட்டமே இல்லாத 1997இல், விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் பெண்களுக்கான ஐ.நா. உடன்படிக்கையை வைத்தே விதிமுறைகள் வகுத்துக் கொடுத்தது. அந்த வழியில் 1965ஆம் ஆண்டின் இந்த உடன்படிக்கையையும் மனுவில் எடுத்து வைக்கலாம்.

இப்போது என்ன செய்வது

முதல் காரியம் புகார்கூட இல்லை. வெளிநாட்டவருக்கு வீடு கொடுப்பவர் 24 மணி நேரத்துக்குள், அவர் வந்து தங்கும் தகவலை (முன்பு 'சி' படிவம் எனப்பட்டது) ஆன்லைனில் பதிய வேண்டும். நீங்கள் பதிந்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. பதியாவிட்டால் எதிர்த்தரப்பு முதலில் கையில் எடுப்பது அதைத்தான், அதில் சிக்குவது நீங்கள். அவருடைய பதிவில் முகவரி சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஆவணங்கள் ஒழுங்காக இருந்தால், குற்றத்தால் பாதிக்கப்பட்டுப் புகார் கொடுத்தார் என்பதற்காக விசாவை ரத்து செய்ய முடியாது.

அடுத்தது உங்கள் செல்போன். அந்தக் குழுவில் அவர் இல்லை, நீங்கள் இருக்கிறீர்கள். பெயர் வெளியே வராமல் உதவ வேண்டும் என்கிறீர்கள். ஆனால் குரல் பதிவு இருப்பது உங்கள் போனில், மனு வந்தது உங்கள் கைக்கு. நீங்கள் சாட்சி சொல்லாமல் இந்த வழக்கு நிற்காது. இதை மறைத்து உங்களை இழுத்துவிட எனக்கு மனமில்லை. ஆயுசு முழுக்க அந்தத் தெருவில் வாழ வேண்டியவர் நீங்கள். கோயில் திருவிழாவுக்குக் கூப்பிடாமல் இருக்கலாம், உங்கள் மீதே பொய்ப் புகார் வரலாம். யோசித்து முடிவெடுங்கள். முடிவெடுக்கும் வரை குழுவிலிருந்து வெளியேறாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள், பதில் எழுதாதீர்கள். செய்திகள் தானாக மறையும் வசதி போட்டிருந்தால் உடனே உரையாடலைச் சேமித்து வையுங்கள். நீதிமன்றத்தில் காட்டும்போது, மின்னணுப் பதிவுகளுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் வேண்டும், அதை நான் தயார் செய்கிறேன். குழு நிர்வாகி யார் என்று எழுதியிருக்கிறீர்கள். நிர்வாகி என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது. பேசியவர், எழுதியவர் பெயரை மட்டும் குறியுங்கள்.

பிறகு அந்த மாணவரிடம் பேசுங்கள். உங்கள் கடிதத்தில் அவர் தண்ணீர் பிடிக்கிறார், பால் வாங்கிக்கொள்கிறார், ஆனால் ஓரிடத்திலும் அவர் என்ன நினைக்கிறார் என்று இல்லை. பாதிக்கப்பட்டவர் அவர். அந்தக் குரல் பதிவில் என்ன பேசினார்கள் என்று அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னீர்களா? கசப்பாக இருந்தாலும் சொல்ல வேண்டும். எட்டு மணிக்கு மேல் வெளியே போவதா என்று அவர் தெரிந்து முடிவெடுக்க வேண்டும் அல்லவா? அவர் சம்மதித்தால் கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அலுவலகத்துக்கும், தில்லியில் உள்ள அவர் நாட்டுத் தூதரகத்துக்கும் ஒரே நாளில் தகவல் கொடுப்போம்.

சம்மதித்தால் ஸ்டேஷனில் எழுத்துப் புகார். மனு கொடுத்தவுடன், அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள், வாங்காமல் படியிறங்காதீர்கள். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்வு நாளில் ஒரு பிரதியும் கொடுக்கலாம். அது நம் சத்துவாச்சாரியிலேயே இருப்பதால் அலைச்சலும் இல்லை. மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும், அங்கே கேட்க வேண்டியது போலீஸோ அரசு ஊழியரோ கடமை தவறினால் மட்டும்.

உங்கள் கடைசிக் கேள்வி

"நீங்கள் என்ன ஆட்கள்" என்ற கேள்வி. அந்த உடன்படிக்கையின் முதல் பிரிவில் 'மரபுவழி' என்ற சொல் இருக்கிறது என்றேன். வரைவு நடந்தபோது அந்தச் சொல்லைச் சேர்க்கச் சொன்னதே இந்தியாதான். 2002இல் ஐ.நா.வின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு, சாதியைப் போன்ற பிறப்புவழிப் பாகுபாடு அந்தச் சொல்லுக்குள் அடங்கும் என்று பொதுப் பரிந்துரை வெளியிட்டது. சாதி என்பது இனம் அன்று, ஆகவே உடன்படிக்கைக்குள் வராது என்பது இந்திய அரசின் நிலைப்பாடு. 2007இல் இந்தியாவின் அறிக்கையை ஆராய்ந்தபோதும் அந்தக் குழு இதை ஏற்கவில்லை. சாதியும் இனமும் ஒன்றா என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொள்ளட்டும். வீடு கேட்டு வந்து வாசலில் நிற்பவருக்கு இரண்டும் ஒரே அடிதான். அவர் செய்த எதையும் பற்றிய கேள்வி இல்லை அது, பிறந்த இடத்தைப் பற்றிய கேள்வி.

நம் சட்டமும் இதில் வாயை மூடிக்கொண்டில்லை. தீண்டாமையின் பெயரால் ஒருவரை ஒரு பகுதியில் குடியிருக்க விடாமல் தடுப்பதை 1955ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமே குற்றமாக்கிவிட்டது. நீங்கள் அன்று கேட்டதற்காக உங்களைக் கூண்டில் ஏற்ற நான் எழுதவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யாராவது எழுந்து, "போன வருஷம் நீங்களும் கேட்டீர்களே" என்று சொல்லக்கூடும். அப்போது மறுக்காதீர்கள். ஆம், கேட்டேன், அது தப்பு, இனிக் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, மனுவைப் பற்றிப் பேசுங்கள்.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில், கையெழுத்துப் போட்ட ஒரு பெண் மறுநாள் வந்து "எல்லோரும் போட்டார்கள் என்று போட்டேன்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கூட்டத்துக்கு முன் அவரைப் போய்ப் பாருங்கள். மனுவில் உள்ள பெயரை அடிக்கச் சொல்லாதீர்கள், அது ஆவணத்தைத் திருத்தியதாகிவிடும். தனித்தாளில், நான் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டேன், அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று அவர் கைப்பட எழுதி, தேதி போட்டுத் தந்தால் போதும். அந்தத் தாளையும் மனுவோடு அதே உறையில் போட்டு எடுத்து வாருங்கள். சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் சனிக்கிழமை காலை பத்தரைக்கு இருப்பேன். அந்த மாணவரும் வந்தால் நல்லது.